தான்றி மரம் இருக்கும் இடம்

மார்ச் 9, ஞாயிறு

பனி. பாபநாசம் செக்போஸ்ட்டில் ஆறு மணிக்கே போய் நின்றேன். கேட் திறக்க ஆறேகால். ஸ்கூட்டியில் மலைச் சாலை ஏறும்போது விரலெல்லாம் விறைத்துப்போயிற்று. பங்குனி பிறக்க ஒரு வாரம்கூட இல்லை, இன்னும் இந்தக் குளிர்.

எடுத்துப்போனவை: கேமரா, பெரிய லென்ஸ், ட்ரைபாட், பேட்டரி மூன்று, கார்டு இரண்டு, பச்சைத் துணி, புளியோதரை. மறந்தவை: தொப்பி, மதியின் ஹால் டிக்கெட்டை ஜெராக்ஸ் எடுத்து வைப்பது. மகளுக்கு பிளஸ் டூ பரீட்சை, அம்மா காட்டில். ஊரில் யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ள முடியாது.

வனத்துறை வாச்சர் இசக்கி சாலை ஓரத்தில் காத்திருந்தார். என் அனுமதிக் கடிதத்தில் உள்ளபடி அவர் இல்லாமல் நான் சாலையை விட்டு இறங்கக் கூடாது. ஞாயிறு மட்டும். பறவைக் கணக்கு எழுதி ரேஞ்சர் ஆபீசில் கொடுக்க வேண்டும், அதற்குப் பதிலாகப் படம் எடுத்துக்கொள்ளலாம். நான்கு வருஷமாக இப்படி. இசக்கி மேலே எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பதினோரு வருஷமாக ஒப்பந்த வாச்சர். என் வயதுதான் இருக்கும், ஆனால் அக்கா என்பார். நடக்கும்போது பேச மாட்டார். எனக்கும் அது வசதி.

இருவாச்சிக் கூட்டை எனக்குக் காட்டித் தந்தவர் அவர்தான், போன மாதம். ஆற்றை ஒட்டிய பெரிய தான்றி மரம். அறுபது அடி உயரத்தில் பொந்து. பெண் பறவை உள்ளே போய் உட்கார்ந்து, வாசலை எச்சத்தாலும் மண்ணாலும் பூசி அடைத்துக்கொண்டுவிட்டாள். விரல் அகலத்துக்கு ஒரு சந்து மட்டும். உள்ளே சிறகு உதிர்ந்து கிடப்பாள், பறக்க முடியாது. குஞ்சு தேறும்வரை ஆண் கொண்டுவந்து அந்தச் சந்தில் ஊட்டுவதுதான் இரண்டு பேருக்கும் சாப்பாடு. ஆறு வருஷமாக அதே ஜோடி, அதே பொந்து, இசக்கி வேறு யாருக்கும் காட்டியதில்லை.

மரத்துக்கும் எங்களுக்கும் ஐம்பது தப்படி. பாறை மறைவு. அதற்கு மேல் கிட்டே போவதில்லை, அது அவர் போட்ட கோடு.

7.35 – ஆண் வந்தான். பழம் 14. வெளிச்சம் போதாது. படம் எல்லாம் பொடிப்பொடியாக.
9.10 – வந்தான். 9 பழம். முன்னால் ஒரு கிளை ஆடிக்கொண்டே இருந்தது.
10.40 – வந்தான்.

பத்து நாற்பதுக்கு வெயில் சரியாகப் பொந்தின் மேல். தொண்டையிலிருந்து ஒரு சிவந்த அத்திப்பழத்தை எடுத்து அலகு நுனியில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றான். சந்திலிருந்து அவளுடைய அலகு நுனி வெளியே வந்தது. இரண்டு அலகுக்கும் நடுவில் பழம். எடுத்துவிட்டேன். படம் துளிகூட ஆடவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். அவன் கண்ணிமை மயிர்கூடத் தெரிகிறது. நான்கு வருஷத்தில் எடுத்த எதுவும் இதன் பக்கத்தில் நிற்காது.

வீட்டில் காட்ட மொபைலிலும் ஒன்று எடுத்தேன், மரம் முழுசாக, ஆற்று வளைவோடு.

இறங்கும்போது இசக்கி சொன்னது: “குஞ்சு வெளிய வாற வரைக்கும் யாருக்கும் காட்டாதீங்கக்கா.”

யாருக்குக் காட்டப் போகிறேன் என்றேன்.

மற்றவை: மரகதப் புறா 2, தீக்காக்கை 1 (சத்தம் மட்டும்), சீகாரப் பூங்குருவி 3.


மார்ச் 10, திங்கள்

எக்ஸ்ரே அறையில் நிற்க நேரமில்லை. காலையில் மட்டும் மார்பு ஒன்பது, கை நான்கு, இடுப்பு ஒன்று. ஏசி மறுபடியும் ஒழுகுகிறது. வாளி வைத்திருக்கிறேன்.

மத்தியானம் எலும்பு டாக்டர் (இனி எ.டா.) ஒரு படத்தைப் பார்க்க வந்தார். அவரும் போன வருஷம் பெரிய கேமரா வாங்கியவர். குளத்து வாத்து, கொக்கு எல்லாம் எடுப்பார். நான் மொபைலுக்கு மாற்றி வைத்திருந்த இருவாச்சியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நானே எனக்குக் காட்டிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும். பின்னால் நின்று பார்த்துவிட்டார்.

குனிந்து திரையைக் கிட்டத்தில் பார்த்தார். பிறகு, “வள்ளி, இது நீங்க எடுத்ததா?” என்றார். பன்னிரண்டு வருஷமாக இந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். “சீக்கிரம் எடுங்க”, “மறுபடி எடுங்க”. இந்த இரண்டையும் தவிர அவர் வாயிலிருந்து என்னைப் பற்றி வேறு வந்ததில்லை.

எங்கே என்று கேட்டார். மலையில் என்றேன். மேலே கேட்கவில்லை. எல்லாப் படத்தையும் அனுப்பச் சொன்னார், தரம் குறையாமல் அப்படியே ஃபைலாக. தான் மட்டும் பார்த்துக் கற்றுக்கொள்ள என்றார். ஒன்பது படம் அனுப்பினேன். ஒரு ஆளுக்குத்தானே என்று சொல்லிக்கொண்டேன்.

மதி கணக்குப் பரீட்சை பரவாயில்லையாம். “பரவாயில்லை” என்றால் என்ன என்று கேட்டால் கோபம்.


மார்ச் 12, புதன்

மழை. கோடையில் இப்படிப் பிடித்து அடித்து நாளாயிற்று. ஆறு கலங்கி வருகிறதாம்.

காலையிலிருந்து மொபைல் ஓயவில்லை. எ.டா. படத்தைப் பறவைப் படக்காரர்கள் குழு ஒன்றில் போட்டிருக்கிறார். என் பெயரைப் பெரிதாகப் போட்டு, எங்கள் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே டெக்னீஷியன் என்று. நாகர்கோவில், மதுரை, கோயம்புத்தூர், யார் யாரோ வாழ்த்து. யாரோ ஒரு பெண் “கண்ணீர் வந்துவிட்டது” என்று எழுதியிருக்கிறாள். அதை ஏழெட்டுத் தடவை படித்தேன்.

எ.டா.விடம் ஏன் போட்டீர்கள் என்று கேட்க நினைத்துப் போனேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு நல்லது செய்துவிட்ட சந்தோஷம். நன்றி டாக்டர் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னது நான்தான்.

இசக்கியிடம் இருப்பது பட்டன் ஃபோன். இதெல்லாம் அவர் கண்ணில் படாது. இந்த நினைப்பு எனக்கு ஆறுதலாக இருந்ததைப் பதிவு செய்து வைக்கிறேன்.


மார்ச் 14, வெள்ளி

வெயில். புழுக்கம்.

பத்து மணிக்கு இசக்கியிடமிருந்து ஃபோன், அணைக்கட்டு டீக்கடையிலிருந்து. மேலே அங்கே மட்டும்தான் சிக்னல். அவர் என்னைக் கூப்பிட்டதே மூன்று நான்கு தடவைதான் இருக்கும். எடுக்கும்போதே தெரிந்துவிட்டது.

நேற்றுக் காலை நான்கு கார். கோயிலுக்கு என்று சொல்லி செக்போஸ்ட் தாண்டியிருக்கிறார்கள். இசக்கி வேறு பக்கம் ரோந்து போயிருந்த நேரம். திரும்பி வந்து பார்த்தால் மரத்தின் அடியிலேயே பத்துப் பன்னிரண்டு பேர். ஒருவன் ஸ்பீக்கரில் இருவாச்சிச் சத்தம் போட்டு ஆணைக் கூப்பிடுகிறான். இன்னொருவன் பெண் அலகை நீட்டட்டும் என்று கல்லால் அடிமரத்தைத் தட்டுகிறான். இசக்கி சத்தம் போட்டு விரட்டியிருக்கிறார். போய்விட்டார்கள். ஆண் பறவை ஆற்றுக்கு அக்கரையில் ஒரு மரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பறந்ததாம். அதற்குப் பிறகு நேற்று முழுக்க வரவில்லை. இன்றைக்குக் காலையிலும் இல்லை.

“எப்படிக்கா தெரிஞ்சிருக்கும்? நேரா அந்த மரத்துக்கே வந்திருக்கானுவ. ஃபோனப் பாத்துக்கிட்டே வந்தானுவளாம், கடைக்காரர் சொல்லுதாரு.”

எனக்குத் தெரியலையே என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது வாயில்.

ஃபோனை வைத்துவிட்டு இருட்டறையில் போய் உட்கார்ந்தேன். இப்போது ஃபிலிம் கழுவுவது இல்லை, பழைய சாமான் போடும் இடம். மொபைலில் எடுத்த அந்தப் படத்தைத் திறந்து விவரம் பார்த்தேன். ஆற்று வளைவோடு மரம் முழுசாகத் தெரியும் படம். ஒன்பதில் ஒன்றாக அதையும் அனுப்பியிருக்கிறேன். தேதி, நேரம், கீழே ஒரு வரைபடம், வரைபடத்தில் சிவப்புப் புள்ளி. தொட்டால் வழி காட்டுகிறது. செக்போஸ்ட்டிலிருந்து எத்தனை நிமிஷம் என்பது உட்பட.

வெளியே யாரோ “எக்ஸ்ரே எடுக்க ஆள் இல்லையா?” என்று கதவைத் தட்டினார்கள்.


மார்ச் 15, சனி

எ.டா.விடம் சொன்னேன். முதலில் புரியவில்லை. சிவப்புப் புள்ளியைக் காட்டினேன். முகம் மாறிவிட்டது. குழுவில் யாரோ மற்றப் படங்களும் வேண்டும் என்று கேட்க, ஒன்பதையும் அப்படியே அனுப்பியிருக்கிறார். உடனே அழித்துவிட்டார், என் கண் முன்னால். ஆனால் அதற்குள் எந்தெந்தக் குழுவுக்குப் போயிற்றோ.

கெட்ட மனிதர் இல்லை. உண்மையிலேயே கலங்கிப்போனார். ஆனால் நான் கதவருகே போனபோது கேட்டார்: “ரேஞ்சர் ஆபீஸ்ல விசாரிச்சா என் பேரு வராதில்ல?”

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். திங்கட்கிழமையிலிருந்து அவருக்குத்தான் நான் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

மூன்று நாள் ஆண் வராவிட்டால் என்ன ஆகும்? தெரியவில்லை. எங்கே படிப்பது, யாரைக் கேட்பது? கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள்.

வாங்க வேண்டியவை: தயிர், பால் பாயின்ட் பேனா (மதிக்கு, நீலம், இரண்டு), கொசுவர்த்தி.


மார்ச் 16, ஞாயிறு

மேகம். காற்றே இல்லை.

கேமராவைக் கொண்டு போனேன், பையிலிருந்து எடுக்கவில்லை.

ஏழு மணியிலிருந்து பாறைக்குப் பின்னால். இசக்கி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மரத்தடி மண் முழுக்க செருப்புத் தடம், பிஸ்கட் கவர், ஒரு சிகரெட் பெட்டி. தூரத்திலிருந்தே தெரிந்தது. பொறுக்கப் போகலாமா என்று கேட்டேன், இப்போது கிட்டே போகவே வேண்டாம் என்று தடுத்துவிட்டார்.

7.00 – 8.00 இல்லை.
8.00 – 9.00 இல்லை.
9.20 – தூரத்தில் பெரிய நிழல். பருந்து.
10.40 – வெயில் வரவில்லை. பொந்து கறுப்பாக.
11.05 – சந்திலிருந்து அவளுடைய அலகு வெளியே வந்தது. கொஞ்சம் திறந்தபடி. அப்படியே நின்றது. பிறகு உள்ளே போயிற்று. 11.30க்குள் இப்படி ஆறு முறை.

அதை எண்ணியிருக்க வேண்டாம்.

ஏறிப் பழம் வைக்க முடியாதா என்று கேட்டேன். இசக்கி அதை முன்பே யோசித்திருக்கிறார். கயிறு போட்டு ஏறினால் அவள் பயந்து சுவரை உடைத்து வெளியே விழுவாள், குஞ்சும் போய்விடும் என்றார். ஆணுக்கு என்ன ஆயிற்று என்றும் தெரியவில்லை. பயந்து ஒதுங்கியிருக்கலாம். மின்கம்பியில் மாட்டியிருக்கலாம். எதுவும் இருக்கலாம்.

பன்னிரண்டு மணிக்குப் புளியோதரையைப் பிரித்தேன். இரண்டு பேரும் சாப்பிடவில்லை. அப்போதுதான் தானாகச் சொன்னார். ரேஞ்சர் அவரைக் கூப்பிட்டுக் கேட்டாராம், நீதான் ஆள்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாயா என்று. வேறு யாருக்கும் அந்த மரம் தெரியாது என்று இவரே ஒருமுறை ரேஞ்சரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அதுவே இப்போது இவர் மேல் திரும்பிவிட்டது. புதன்கிழமை விசாரணை. ஒப்பந்த ஆள்தான், ஒரு தாள் போதும் நிறுத்த.

“பதினோரு வருசம்க்கா. என்னைப் பாத்து இப்படிக் கேட்டுட்டாரே.”

என் பேரையும் கேட்டார்களா என்று கேட்டேன். கேட்டார்கள், அந்த அக்கா அப்படிச் செய்யிற ஆள் இல்லை என்று சொல்லிவிட்டேன் என்றார்.

ஒரு மணிவரை இருந்தோம். ஆண் வரவில்லை. சொல்ல வேண்டும் என்று நான்கு தடவை வாயைத் திறந்தேன். ஒரு தடவை தண்ணீர் கேட்டேன். ஒரு தடவை நேரம் கேட்டேன். மற்ற இரண்டு தடவை ஒன்றும் கேட்கவில்லை.


மார்ச் 17, திங்கள்

வேலையில் பெரிய பிசகு. வலது முழங்கை, படத்தில் இடது என்று குறி வைத்துவிட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. எ.டா. கண்டுபிடித்தார். திட்டவில்லை. அவரும் என்னை நேராகப் பார்ப்பதில்லை இப்போது.

வீட்டில் இவரிடம் எல்லாம் சொன்னேன். இவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர், நாள் முழுக்க சத்தத்தில் இருந்துவிட்டு வந்து வீட்டில் அமைதியாக இருக்க ஆசைப்படுவார். டிவியை அணைத்துவிட்டுக் கேட்டார். முடித்ததும் சொன்னது: “ஏளா, நீ வாயத் தொறக்காத. டாக்டர் பேரு வெளிய வந்தா உன்ன அங்க வச்சிருப்பாவளா? அந்த வாச்சர் செய்யலன்னா அவரு மேல ஒண்ணும் நிக்காது. தானா அடங்கும்.”

இவர் சொல்வது நியாயமாகத்தான் பட்டது. சோறு இறங்கியது. பிறகு பாத்திரம் கழுவும்போது, அந்த அக்கா அப்படிச் செய்யிற ஆள் இல்லை என்று இசக்கி சொன்னது ஞாபகம் வந்தது. குழாயை மூடாமல் நின்றிருக்கிறேன். மதி வந்து மூடினாள்.

இசக்கிக்கு ஃபோன் போட்டேன், மூன்று முறை. தொடர்பு எல்லைக்கு வெளியே.


மார்ச் 18, செவ்வாய்

தூக்கமில்லை. வாயெல்லாம் கசப்பு. வெளியே நல்ல வெயில்.

மதி பரீட்சை முடிந்து வந்து ஒரு செய்தி சொன்னாள். அவள் தோழியின் ஃபோனில் முகப்புப் படமாக என் இருவாச்சி இருக்கிறதாம். எங்கம்மா எடுத்தது என்றால் நம்பவில்லையாம். “நீயே பேசும்மா” என்று ஃபோனை நீட்டினாள். பேசினேன். ஆமாம்மா, நான்தான். நன்றிம்மா. அந்தப் பிள்ளைக்கு ஒரே சந்தோஷம். வைத்துவிட்டு அழுதுவிட்டேன். மதி பயந்துபோய், பரீட்சை சரியா எழுதினேன்மா என்றாள்.

இன்றோடு ஆறாவது நாள். உள்ளே என்ன நிலைமை?

நாளை அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் “சொந்த வேலை”. எ.டா.வுக்கு ஒரு செய்தி: “நாளை ரேஞ்சர் ஆபீஸ் போகிறேன். நடந்ததைச் சொல்லப் போகிறேன். உங்கள் பெயரும் வரும். மன்னிக்கவும்.” நீல டிக் விழுந்தது.

இவரிடம் சொன்னேன். வேன் சாவியை எடுத்துக் கையில் உருட்டினார். பிறகு, “வேன்ல கொண்டு விடவா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.


மார்ச் 19, புதன்

காலை ஒன்பதுக்கே ஆபீஸ் வாசலில். புங்க மரத்து நிழலில் இசக்கி, இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையில். முகம் சவரம் செய்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஆச்சரியம். சாட்சி சொல்ல வந்தியளாக்கா என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அது பொய்யும் இல்லை.

அவரைக் கூப்பிடும் முன்னால் நான் உள்ளே போய்விட்டேன்.

ரேஞ்சர் இளைஞர். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் வராது என்று நின்றுகொண்டே சொன்னேன். படம் நான் எடுத்தது. நான் அனுப்பியது. மொபைல் படத்தில் இடம் பதிந்திருக்கிறது, இதோ. இசக்கிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. யாருக்கும் காட்டாதே என்று என்னிடம் சொன்னவரே அவர்தான். யாருக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். பேனாவை மூடி வைத்துவிட்டு, “நாலு வருஷமா உங்க கணக்கத்தான் நான் நம்பிக்கிட்டிருந்தேன்” என்றார். அனுமதிக் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். இனி சாலையை விட்டு இறங்கினால் வழக்குப் போடுவோம் என்றார். எழுதித் தரச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. மரத்தைச் சுற்றிலும் ஆள் போடப் போவதாகவும், அந்த நான்கு காரின் எண்களும் செக்போஸ்ட்டில் இருப்பதாகவும் சொன்னார். இசக்கி மேல் இனி எதுவும் இல்லை. அதை அவரை உள்ளே கூப்பிட்டு என் முன்னாலேயே சொன்னார், காரணத்தோடு.

வெளியே வந்தோம். புங்க மரத்தடியில் நின்றார். நான் என்னென்னவோ சொன்னேன். வேண்டுமென்று செய்யவில்லை, இடம் பதியும் என்று தெரியாது, டாக்டர் கேட்டார். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார்:

“ஞாயித்துக்கிழம பூரா பக்கத்துலதானக்கா உக்காந்திருந்திய.”

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆண் வந்தானா என்று கேட்க நினைத்திருந்தேன். கேட்கவில்லை.


மார்ச் 21, வெள்ளி

எ.டா. குழுவில் எழுதியிருக்கிறார். அந்த மரத்துக்கு யாரும் போக வேண்டாம், தவறு தன்னுடையது, படத்தை வைத்திருப்பவர்கள் அழித்துவிடவும் என்று. என் பெயரைச் சொல்லவில்லை. வேலையில் என்னிடம் அளவாகப் பேசுகிறார். முன்பும் அளவாகத்தான் பேசினார். இது வேறு அளவு.

இசக்கி ஃபோனை எடுப்பதில்லை. அடித்து அடித்து நின்றுவிடுகிறது. அணைக்கட்டு டீக்கடைக்குப் போட்டேன். கடைக்காரர், இசக்கி இப்போதுதான் டீ குடித்துவிட்டுப் போனார் என்றார். ஏதாவது சொன்னாரா? ஒன்றும் சொல்லலையே. முகம் எப்படி இருந்தது? கடைக்காரருக்கு எரிச்சல். “முகம் எப்பவும் போலத்தான் இருந்துச்சு, நீங்க யாரு?”

வைத்துவிட்டேன்.


மார்ச் 30, ஞாயிறு

காட்டுக்குப் போகாத இரண்டாவது ஞாயிறு. ஐந்து மணிக்கே விழித்துவிட்டேன். இட்லி அவித்தேன். துணி ஊற வைத்தேன். இவர், வா கல்லிடைக்குறிச்சிக்குப் போய் அப்பளம் வாங்கி வருவோம் என்றார். அப்பளத்துக்காகச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். போனோம்.

ஆற்றங்கரை ஆலமரத்தில் பழம் நன்றாகப் பழுத்திருந்தது. மைனா, குக்குறுவான், மாம்பழச் சிட்டு. அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்தேன். இருவாச்சி சமவெளிக்கு இறங்காது. தெரிந்தும் பார்த்தேன். இவர் அப்பளக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்த பெண், “என்னத்தத் தொலச்சிய?” என்று கேட்டாள்.

அந்தப் படம் இருக்கும் ஃபோல்டரைத் திறக்க முடியவில்லை. அழிக்கவும் முடியவில்லை. இரண்டு தடவை அழுத்தப் போனேன், “நிச்சயமாகவா?” என்று கேட்கிறது.


ஏப்ரல் 13, ஞாயிறு

நாளை வருஷப் பிறப்பு. வீடு கழுவியாயிற்று. வேப்பம்பூ கிடைத்தது, மாங்காய் இவர் வாங்கி வருவார்.

கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். எல்லாம் சரியாக இருந்திருந்தால் அவள் இந்நேரம் சுவரை உடைத்து வெளியே வந்திருப்பாள். குஞ்சு மட்டும் உள்ளே இருந்து மறுபடி பூசிக்கொள்ளும். இரண்டு பேருமாக ஊட்டுவார்கள். இல்லாமல் இருந்தால் பொந்து ஒரு மாதமாகச் சும்மா கிடக்கும். இரண்டில் எது என்று பத்தொன்பது மைல் தள்ளி இருக்கிற எனக்குத் தெரியாது.

லென்ஸ் பெட்டியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை மாற்றினேன்.


மே 3, சனி

அக்கினி நட்சத்திரம் நாளைக்கு. இன்றைக்கே அனல். ஏசி நின்றுவிட்டது, மெக்கானிக் வரவில்லை.

பதினொரு மணி இருக்கும். சீட்டை வாங்கிப் பெயரைப் படித்தேன். இசக்கிமுத்து, ஆண், வலது மணிக்கட்டு. நிமிர்ந்து பார்த்தால் அவரேதான். கையைத் துண்டில் தொட்டில் கட்டியிருந்தார். ஆற்றுப் பாறையில் வழுக்கி விழுந்தாராம். அவர் என்னை இங்கே எதிர்பார்த்திருக்க வேண்டும், ஆச்சரியப்படவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் மெஷின் ரிப்பேர் என்றார், கேட்காமலே.

கையை மேஜை மேல் வைத்தேன். வீக்கம் இருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். பைய வையுங்க என்றார். ஒரு படம் நேராக, ஒரு படம் பக்கவாட்டில். குறியை இரண்டு தடவை சரி பார்த்தேன். சின்ன விரிசல்தான். விலகவில்லை.

படம் அச்சாகி வர ஐந்து நிமிஷம். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். கேட்டுவிட்டேன்.

“ஆண் வந்தானா?”

“வந்துட்டான்.”

எப்போது என்றேன். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் மரத்தடியில் புதுக் கொட்டை கிடந்ததாம். உள்ளே தின்றுவிட்டுத் துப்பிய கொட்டை. சாயங்காலம் தூர நின்று பார்த்திருக்கிறார். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வந்து, ஊட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஆட்களுக்குப் பயந்து நேரத்தை மாற்றிக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். ஒரு வாரம் அப்படி. பிறகு பகலிலும் வர ஆரம்பித்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை. நான் ரேஞ்சர் ஆபீஸ் போனது புதன்கிழமை. புங்க மரத்தடியில் நிற்கும்போதே இசக்கிக்குத் தெரிந்திருக்கிறது. ஆறு வாரம். நான் தெரியாமல் இருந்த ஆறு வாரம்.

“அன்னைக்கே தெரியுமா? என்ட்ட ஏன் சொல்லல?”

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை.

“நீங்களும் சொல்லலைல்லாக்கா.”

படம் வந்துவிட்டது. விளக்குப் பெட்டியில் மாட்டி அவருக்குக் காட்டினேன், எங்கே விரிசல், எத்தனை வாரம் கட்டு என்று. டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது, சொன்னேன். நன்றாகக் குனிந்து பார்த்தார்.

பிறகு அவராகவே சொன்னார். குஞ்சு போன வாரம் வெளியே வந்துவிட்டது. பொந்து வாசலில் இரண்டு நாள் தலையை நீட்டிக்கொண்டு இருந்ததாம். மூன்றாம் நாள் காலை ஒரே தாவு. கீழே விழப்போய்ச் சமாளித்து, பக்கத்து மரத்தில் போய் உட்கார்ந்து, இறகைக் கோதிக்கொண்டதாம். அப்பனும் ஆத்தாளும் இரண்டு பக்கமும்.

“இப்ப எந்தப் பக்கம் இருக்காங்க?” என்று கேட்டேன். கேட்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை, வாய் கேட்டுவிட்டது.

இசக்கி துண்டை இடது கையால் சரி செய்துகொண்டார். படத்தை எங்கே காட்ட வேண்டும் என்று கேட்டார். எலும்பு டாக்டர், நான்காம் நம்பர் அறை என்றேன். உறையில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்து ஒரு முழங்கால்.